மழைத்துளி என்று அப்பா சொன்ன படம்

அன்புள்ள சிட்டுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்தத் தடவை அதைக் கேள்வியாகவே விட்டுவைக்கிறேன், பதிலை நீ எழுது. குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது, வந்து வந்து பார்த்ததில் குழாய்க்காரரும் அப்பாவும் சிநேகிதர்களாகிவிட்டதுதான் மிச்சம். லேபில் புது மெஷின் வந்திருக்கிறது, ஆனாலும் ஒரு ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்துவிட்டால் என்னைத்தான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரச் சொல்கிறார்கள்.

போன மாதம் நீதான் சொன்னாய், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, வீடியோவில் பேச முடியாது, அதற்குப் பதில் தினம் ஒரு சாதாரணப் பொருளை ரொம்பக் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்புகிறேன், என்னவென்று கண்டுபிடியுங்கள் என்று. அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வீட்டில் அதுதான் பொழுதுபோக்கு. அப்பாவுக்கு எல்லாமே தின்கிற பொருளாகத்தான் தெரிகிறது. பாத்திரம் தேய்க்கிற பஞ்சை ரொட்டி என்றார், சீப்பின் பல்லை மீன்முள் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவெட்டுகிறவரிடம் போய்ப் பந்தயம் கட்டி, தோற்றுவிட்டு வந்தார். தொழில்காரரிடம் போய்ச் சீப்பைக் காட்டினால் வேறென்ன ஆகும் என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன்.

நீயும் அதே தப்பைத்தான் செய்தாய் கண்ணு. போன வாரம் கண்ணாடி போன்ற ஒரு குழலுக்குள் விழப்போகிற துளி ஒன்றை அனுப்பினாய். அப்பா மழைத்துளி என்றார், நீயும் சரியான விடை என்று சிரிக்கிற பொம்மை போட்டாய். மறுநாள் வரிவரியாக ஒரு சின்ன வெள்ளைச் சக்கரம். பொம்மைக் கார்ச் சக்கரம் என்றார், அதற்கும் சரி என்றாய். ரத்தம் எடுக்கத் தினமும் வார்டுக்குள் போய்வருகிறவள் நான். டிரிப்ஸ் எப்படிச் சொட்டும், அதைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அப்புறம் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்தில் இருந்த போர்வை உன் போர்வை இல்லை. இன்னொன்றில் இருந்த தண்ணீர் டம்ளரும் உன்னுடையது இல்லை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல், கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிற அம்மா வீட்டிலும் ஒருத்தியைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாய். கிட்டத்தில் எடுத்தால் பொய் சொன்னதாகாது, போர்வை போர்வைதானே என்றும் உன் மனதைத் தேற்றியிருப்பாய். ஆனால் எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. எடுத்த எடுப்பில் பெரிய லென்ஸை வைக்க மாட்டோம். முதலில் சின்ன லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து, எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கிட்டத்தில் போவோம். நீ எனக்குப் பெரிய லென்ஸை மட்டும் கொடுத்துவிட்டாய். இல்லாத நோயெல்லாம் எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் இருக்கிறது எதுவானாலும் நான் கற்பனை செய்வதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் மறைக்காமல் எழுது. ஊசி இறக்கிய இடம் சிவந்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதே, உடனே நர்ஸைக் கூப்பிடு. இடது கையில் உனக்கு நரம்பு லேசில் அகப்படாது, வலது கையில் எடுக்கச் சொல். உன்னிடம் வெட்கப்படாமல் கேட்கிறேன், நான் வரட்டுமா? லீவு கேட்டுவைத்திருக்கிறேன். வேண்டாம் என்றாலும் அதையும் நீயே சொல், நான் யூகித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் மருகிக்கொண்டிருந்தேன். இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பரண்மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மழைத்துளி அவளுக்கு எந்தக் கையில ஏறுதாம்?" என்றார். போன வருஷம் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது பார்க்க அவருக்கு வேறென்ன இருந்தது, தலைக்கு மேல் அந்தத் துளிதானே. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மனிதர் ரொட்டி, மீன்முள் வரிசையில் மழையையும் சேர்த்துவிட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். வேலைக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை.

உடம்பு தேறி, பழையபடி எங்களோடு வாயாட வேண்டும், அதற்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் பக்கத்தில் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த படத்தை நீ எடுக்க வேண்டாம், வாசலில் யாராவது நின்றால் போனைக் கொடுத்து, கட்டில், நீ, எல்லாம் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல். தபால் வந்து சேர நாளாகும், அதனால் இந்தத் தாளைப் படம் பிடித்தே அனுப்புகிறேன். தள்ளி நின்று, மேஜையோடு சேர்த்துத்தான் எடுப்பேன். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரியும், கண்டுபிடிக்கச் சொல்லி உன்னை வதைக்க மாட்டேன். காற்றுக்குத் தாள் பறக்காமல் அப்பாதான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

உன்னை முழுசாகப் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா