இடது பக்கம் வெண்கலம், வலது பக்கம் வெள்ளி

மே 9, செவ்வாய்

கார் வந்து இன்றோடு பத்து நாள். எழுபத்து மூன்று வயதில் எட்டு சிலிண்டர் வண்டி எதற்கு என்று சர்ச்சில் கேட்டார்கள். முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் ஃபேக்டரியில் அடுத்தவர் காருக்கு சீட் தைத்தேன், ஒரு சீட்டில் நானும் உட்கார்ந்து பார்க்கிறேனே என்றேன். 

ஒரே ஒரு குறை. கார் கறுப்பு. டயர் கறுப்பு. கம்பெனியிலிருந்து வந்த சக்கரமும் கறுப்பு. தெருமுனையிலிருந்து பார்த்தால் யாரோ நாலு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. ஓரத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, விரல் அகலம். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

பேரன் ப்ரேடியிடம் சொல்லியிருக்கிறேன். வேதியியல் படித்தவன், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. (இதைத் தினமும் எழுதினாலும் அலுக்காது. நான் கென்டக்கி மலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.)

மே 14, ஞாயிறு

அன்னையர் தினம். மகள் கான்னி குடும்பத்தோடு வந்தாள். ப்ரேடி போனில் நிறங்களைக் காட்டினான்.

"பாட்டி, சிவப்புக் கோடெல்லாம் பழசு. இந்த கார் மங்கின வெண்கலம் கேக்குது."

"யாரு கேக்குது?"

"கார்."

பதினைந்து நாளாக என்னிடம் அது ஒன்றும் கேட்டதில்லை.

அவன் அப்பா ரஸ்ஸல், என் மாப்பிள்ளை, இருபது வருஷமாக டயர் கடை. "வெண்கலமா? அது வீலாடா, சர்ச் மணியாடா? அத்தை, நீங்க இவன் பேச்சைக் கேக்காதீங்க. கறுப்பை உரிச்சுட்டு உள்ள இருக்கிற அலுமினியத்தை பாலிஷ் பண்ணணும். வீல்னா வெள்ளிதான்."

அப்பாவும் பிள்ளையும் சண்டை போட்டு முடிக்கையில் பன்றிக்கறி ஆறிப்போயிருந்தது. சிவப்புக் கோட்டைப் பற்றி இன்னொரு தடவை சொன்னேன். கான்னி கிழங்கை என் பக்கம் தள்ளிவிட்டு, "சாப்பிடும்மா" என்றாள்.

மே 16, செவ்வாய்

கண் டாக்டர். கட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் காட்டினார். நடுவில் கோடெல்லாம் வளைந்திருக்கிறது என்றேன். எல்லாம் நேர்கோடுதான் என்றார்.

கண்ணுக்குள் ஊசி போடலாமாம். இப்போதைக்குப் பகலில், பழகின தெருவில் ஓட்டலாமாம். "ஆனா செப்டம்பர்ல லைசென்ஸ் புதுப்பிக்கணும் இல்லையா, அப்போ..." என்று இழுத்தார். மிச்சத்தை நானே சொல்லிக்கொண்டேன்.

கான்னியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே கார் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவிடுவாள். எனக்கு இருப்பது இந்த ஒரு கோடை. ஆகஸ்ட் 19 எங்கள் ஊர்க் கார் ஊர்வலம். முப்பத்தொரு வருஷம் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை நடுவில் நான் ஓட்டிப் போக வேண்டும். அது போதும்.

ஜூன் 3, சனி

காரை ஷெட்டில் நாலு இரும்பு ஸ்டாண்டின் மேல் ஏற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் கழற்றினார்கள். "ஒரே வாரம் அத்தை" என்றார் ரஸ்ஸல்.

ஜூன் 11, ஞாயிறு

ஒரு வாரம் ஆயிற்று. ப்ரேடி இன்டர்நெட்டில் வாக்கெடுப்பு வைத்திருக்கிறான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட்டார்களாம். கனடாவிலிருந்துகூட. சிலர் வெண்கலம், சிலர் துப்பாக்கி இரும்பின் சாம்பல் நிறம், ஒருவர் ஊதா. ஒருவர் மட்டும் "கார் யாருடையது?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு யாரும் பதில் போடவில்லை.

என் பேரனுக்கு நானூறு பேரைத் தெரியும் என்பது பெருமைதான்.

ஜூன் 24, சனி

பக்கத்து வீட்டு ஓட்டிஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "என்னக்கா, வண்டி காலே இல்லாம நிக்குது? பறக்க விடப் போறீங்களா?"

"பட்டதாரி வேலை. நேரமாகும்" என்றேன். உள்ளே வந்து ஷெட் வாசலைப் பார்த்தபடி காபி குடித்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

விடுமுறை. வாணவேடிக்கை. காற்றில் ஈரம் அதிகம், பெயின்ட் காயாது என்றான் ப்ரேடி. ஈரம் இருந்தால் உப்புத்தாள் தேய்க்க சுகம் என்றார் ரஸ்ஸல். இரண்டு பேரும் வேலை செய்யவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

சமாதானம்! இடது பக்கச் சக்கரம் இரண்டும் ப்ரேடிக்கு, வலது பக்கம் இரண்டும் ரஸ்ஸலுக்கு. முடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். தோற்றவர் தன் இரண்டையும் அழித்துவிட்டு ஜெயித்தவர் மாதிரி செய்ய வேண்டும். யார் ஜெயித்தார் என்று சொல்வது யார் எனக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றார்கள்.

ஜூலை 13, வியாழன்

சீட்டாட்ட நாள். என் சினேகிதி ஓப்பல், மற்ற இரண்டு பேர், நான். மேஜை டிராயரைத் திறந்தால் என் சீட்டுக்கட்டு வெண்கல நிறம்!

டயரில் பெயின்ட் படாமல் இருக்க, டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சீட்டைச் சுற்றிலும் செருகிவிட்டு அடித்திருக்கிறான் ப்ரேடி. மூளைக்காரன். அப்புறம் துடைத்து டிராயரிலேயே வைத்துவிட்டான். அந்த நேர்மையையும் சொல்ல வேண்டும்.

வேறு கட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் கறை ஒவ்வொரு மாதிரி. எங்கள் ஆட்டத்தில் ஜாக்தான் ராஜாவுக்கும் மேல். மூன்றாவது ஆட்டத்துக்குள் எந்த ஜாக் யார் கையில் என்பது முதுகைப் பார்த்தே மற்ற மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டதாம். கறையைக் கவனிக்காதவள் நான் ஒருத்திதான். ஓப்பல்தான் ஜெயித்தாள்.

"ஏண்டி அல்மீடா, இவ்வளவு பெரிய கறை, உனக்கா தெரியல?" என்று கேட்டாள் கடைசியில்.

வெளிச்சம் போதவில்லை என்றேன். மேஜைக்கு மேலே மூன்று பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

ஜூலை 30, ஞாயிறு

நாலும் முடிந்தது. வெண்கலம் இரண்டு, வெள்ளி இரண்டு. புல்லில் வரிசையாக வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் தோற்கவில்லை. சக்கரங்கள் திரும்ப ஷெட்டுக்குள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வண்டி ஸ்டாண்டில்.

ஆகஸ்ட் 12, சனி

கத்திவிட்டேன். காலையில் வந்ததும் ப்ரேடி, வெண்கலத்தின் மேல் இன்னொரு பூச்சு, மினுமினுப்பில்லாமல், ஒரு பத்து நாளில்— என்று ஆரம்பித்தான்.

பத்து நாளா? ஏண்டா, எனக்கு எத்தனை பத்து நாள் இருக்குன்னு நினைச்சுட்டிருக்க? காரு என்னுது. வீலு என்னுது. காசு என்னுது. ஒரு கோடு கேட்டேன், ஒரே ஒரு கோடு! மூணு மாசமா ரெண்டு ஆம்பிளைங்க அதைச் சுத்திச் சுத்தி வர்றீங்க. என்னை சவப்பெட்டியில வச்சுதான் இந்த வீலை மாட்டுவீங்களா?

ப்ரேடி முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவன் குழந்தைதான், இருபத்துநாலு வயது. ரஸ்ஸல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஜோடி பொருந்தலையே அத்தை" என்று முனகினார்.

"மாட்டுங்க" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார்கள். ஒரு மணி நேரம்!

ஆகஸ்ட் 18, வெள்ளி

சிவப்பு நகப் பாலிஷ் ஐந்து பாட்டில் வாங்கினேன். ஷெட்டில் தனியாகக் குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாலு சக்கரத்திலும் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். முதுகு போயிற்று. ஆனால் என்ன ஒரு சீரான கோடு!

சாயங்காலம் ப்ரேடி வந்து குனிந்து பார்த்தான்.  "பாட்டி... இது அலை அலையா போகுதே, வேணும்னே போட்டியா?"

எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

"வேணும்னேதான்" என்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

ஓட்டினேன்!

வெயில், கூட்டம், இரண்டு ஓரமும் மடக்கு நாற்காலி. மெதுவாகத்தான் போனேன். பெடலை லேசாகத் தொட்டாலே அந்த உறுமல் சீட்டு வழியாக முதுகெலும்பில் ஏறுகிறது. நல்ல தையல், யார் தைத்தாளோ. ஓப்பல் எழுந்து நின்று தொப்பியை ஆட்டினாள்.

சாலைக்கு இடது பக்கம் எங்கள் சர்ச் கூட்டம், ப்ரேடியும் அங்கே. வலது பக்கம் முடிவெட்டும் கடை ஆண்கள், அவர்களோடு ரஸ்ஸல். ஓடுகிற காரின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. மூன்று மாதமாக இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பட்டதாரி உட்பட.

இரவுச் சாப்பாட்டில் சர்ச் கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அல்மீடா வண்டிக்கு வெண்கல வீல்." "கண்ணு தெரியலையா உமக்கு? பளபளன்னு வெள்ளி!" பாஸ்டரே வெண்கலக் கட்சி. ப்ரேடி என் காதில், "பாத்தியா பாட்டி, எல்லாருக்கும் வெண்கலம்தான் பிடிச்சிருக்கு" என்றான். கேக் எடுக்க வந்த ரஸ்ஸல் இன்னொரு காதில், "வெள்ளிதான் ஜெயிச்சுது அத்தை, பையன்கிட்ட சொல்லிக் காட்டாதீங்க" என்றார். இரண்டு பேரிடமும் ஆமாம் என்றேன்.

சிவப்புக் கோட்டுக்குத்தான் இரண்டு கட்சியிலும் ஓட்டு. அந்த அலையை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று ஒரு போட்டோக்காரர் கேட்டார். "அது ஒரு டெக்னிக்" என்றான் ப்ரேடி. படித்த பிள்ளை.

செப்டம்பர் 12, செவ்வாய்

லைசென்ஸ் ஆபீஸ் போய் வந்தேன். அந்தப் பெண் நல்லவள், எழுத்துப் பலகையை மூன்று தடவை வாசிக்க விட்டாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

சர்ச்சுக்குக் கூட்டிப்போக ப்ரேடி வந்தான். பழக்கத்தில் நான் நேராக இடது பக்கம் போய் ஓட்டுகிற கதவைத் திறந்துவிட்டேன்.  அவன் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, ஷூவைப் பார்த்தபடி நின்றான். நல்ல வளர்ப்பு.

காரைச் சுற்றி வலது பக்கம் வந்தேன். ஓட்டுகிறவளுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை? கோடு போட்ட அன்றுகூட ஓரத்தை மட்டும்தான் பார்த்தேன். காலை வெயிலில் வெள்ளி தகதகவென்றிருந்தது. ரஸ்ஸலிடம் சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது.

"பாட்டி, ஏறலையா?"

ஏறினேன். முட்டை ஏற்றிய வண்டி மாதிரி ஓட்டினான்.

"எட்டு சிலிண்டர்டா" என்றேன்.

அழுத்தினான்.