ஒரே இடத்தில் குறுக்கே வரும் நாய்

ஜூலை 6, திங்கள்

பட்டாணியின் அப்பாவுக்கு,

நலமா? முதுகுவலி என்றீர்களே, சீட்டில் போட்டுக்கொள்ள அந்த மெத்தையை வாங்கினீர்களா, இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறீர்களா? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே முட்டிக்கொள்கிறோம், அதனால் பெரிய விஷயம் எதுவானாலும் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவோம் என்று பிரியும்போது பேசிக்கொண்டோம். இது பெரிய விஷயம். வண்டி ஓட்டப் போகிற நேரமென்றால் இப்போதே மூடி வையுங்கள்.

இரண்டு வாரமாகப் பட்டாணிக்குக் காலையில் மட்டும் வயிற்றுவலி. விடுமுறை நாளில் வலி இல்லை. கணக்குப் பாடத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஒரு நாள் அதட்டினேன். முழங்கையில் கன்றிப்போன தடம் ஒன்று. மைதானத்தில் விழுந்தேன் என்றாள். நம்பிவிட்டேன்.

நேற்று மாலை விஷயம் வெளியே வந்தது. பள்ளிப் பேருந்து டிரைவர், சத்தம் போடுகிற பிள்ளைகளை எழுப்பி நடுவில் நிற்க வைக்கிறாராம். கம்பியைப் பிடிக்கக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் வேண்டுமென்றே பிரேக் அடிக்கிறார். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தால், "என்ன, கால்ல எலும்பு இல்லையா?" என்று சிரிப்பாராம். யூ.கே.ஜி. குழந்தை ஒன்று வாந்தி எடுத்ததற்கு, அதன் ஸ்வெட்டராலேயே துடைக்க வைத்திருக்கிறார். கூட வரும் ஆயா போனைப் பார்த்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாளாம்.

பட்டாணி இதை இவரிடம்தான் சொன்னாள். நீங்கள் 'கண்ணாடிக்காரர்' என்று சொல்வீர்களே, என் வீட்டுக்காரரிடம். முன்னறைக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு தெரிந்தால் அதற்கு வேறு ஒரு சண்டை வரும்.

தலைமையாசிரியை வெள்ளிக்கிழமைதான் நேரம் கொடுத்திருக்கிறார். இவர் வியாழன் வரை வெளியூர்க் கண் முகாமில் இருப்பார். எனக்கோ ஏழு மணிக்கே லேபில் வேலை. வேறு வழியில்லாமல் ஆயாவின் பக்கத்தில் உட்காரச் சொல்லித்தான் அனுப்புகிறேன். வெள்ளி வரை நீங்கள் பொறுமையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


ஜூலை 7, செவ்வாய்

பட்டாணியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். முதலில் அந்த டிரைவர் மேல் கோபம் வந்தது, அப்புறம் உன் மேல். கடைசியில் ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'இவரிடம்தான் சொன்னாள்.'

ஞாயிறு நான்கு மணிக்கு நானும்தான் பேசினேன். முப்பத்தெட்டு நிமிடம், போனில் பதிவாகியிருக்கிறது. பல் ஆடுவதைச் சொன்னாள். தோழி வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். எந்தக் குட்டிக்கு எந்த நிறம் என்பது வரைக்கும் சொன்னாள். பெற்ற அப்பனுக்குப் பூனைக்குட்டி, அவருக்குப் பேருந்து. அப்படித்தானே?

அவர் அப்படி என்ன கேட்டார், நான் கேட்காததை? போன மாதப் படத்தில் அவள் போட்டிருந்த சிவப்பு ஃபிரேம் அவர் தேர்ந்தெடுத்ததா? நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிகிறது. அவள் அவரை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று இந்த ஒன்றரை வருடத்தில் நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வெள்ளி வரை காத்திருக்க நான் என்ன மரமா? காலையில் டிப்போவிலிருந்தே பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டேன். நான் இன்னாருடைய அப்பா, வெளிநாட்டில் நானும் டிரைவர்தான், இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன், இனி என் மகளுக்கு ஒன்று நடந்தால் சும்மா விட மாட்டேன் என்று சொன்னேன். "விசாரிக்கிறோம் சார்" என்றாள் அங்கிருந்த பெண். அப்பா என்று ஒருவன் இருக்கிறான் என்று அவர்களுக்கும் தெரியட்டும். உன் வீட்டிலும் தெரியட்டும்.

மெத்தை வாங்கவில்லை.

இப்படிக்கு,
பட்டாணியின் அப்பா


ஜூலை 11, சனி

பட்டாணியின் அப்பாவுக்கு,

இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன். சூட்டோடு எழுதியிருந்தால் காகிதம் தாங்கியிருக்காது.

அலுவலகத்துப் பெண் நீங்கள் பேசியதை அப்படியே டிரைவர் காதில் போட்டுவிட்டாள். வியாழன் மாலை பிள்ளைகள் எல்லாரும் ஏறியதும் அவர் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்: "நம்ம பஸ்ல ஒரு மகாராணி இருக்காங்க. அவங்க அப்பா வெளிநாட்டுல இருந்து போன் பண்ணி என்னை மிரட்டுறாரு. எல்லாரும் மகாராணிக்குக் கை தட்டுங்க." நம் நிறுத்தம் வரும்வரை தட்ட வேண்டும். நிறுத்துகிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம். பட்டாணியின் உயிர்த்தோழியும் தட்டினாளாம், அழுதுகொண்டே.

வீட்டுக்கு வந்து இவள் அழவில்லை. ஷூவைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, "இனிமே அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்கம்மா" என்றாள்.

உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் அவளை நாலு நாள் அதே பேருந்தில் ஏற்றி அனுப்பியவள் நான். வேலைக்கு ஒரு லீவு சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி வியாழன் மாலைதான் வந்தது.

ஏன் அவரிடம் சொன்னாள் என்று கேட்டீர்கள். வயிறு எரிந்தது உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பெற்றவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அதனால் அவளையே கேட்டேன். "அவர் எதுவும் கேக்கலம்மா. வேலை செஞ்சிட்டே இருந்தார். அதனால சொல்லிட்டேன்" என்றாள். "அப்பாகிட்ட சொன்னா கத்துவார். அப்புறம் வர முடியலையேன்னு அவருக்குக் கஷ்டமா இருக்கும்" என்றும் சொன்னாள். எட்டு வயதில் அவள் உங்கள் மனசைப் பொத்திப் பொத்தி வைக்கிறாள்.

நேற்றிலிருந்து இவர் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறார். தலைமையாசிரியையைப் பார்த்தோம். பன்னிரண்டு வருடமாக ஒரு விபத்துகூடச் செய்யாத டிரைவர், பிள்ளைகள் ஒன்றைப் பத்தாகச் சொல்வார்கள், ஆதாரம் இருக்கிறதா என்றார். மற்ற அம்மாக்களிடம் பேசினேன். ஒருத்தி வருகிறேன் என்றாள். மற்றவர்கள், "நாளைக்கும் அதே பஸ்லதானே எங்க பிள்ளை போகணும்" என்கிறார்கள்.

நேற்று மாலை இவர் பேருந்துக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார். பின்கண்ணாடியில் தெரிந்த சின்னத் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்து, அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வந்தனவாம். வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்து என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


ஜூலை 12, ஞாயிறு

பட்டாணியின் அம்மாவுக்கு,

'எங்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். 'நமக்கு' என்று எழுதியிருக்கலாம். சரி, அந்த வார்த்தைக்குள் நான் இனி நுழைய முடியாது.

நான் போன் போட்டது டிரைவர் மேல் வந்த கோபத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் போய்ப் பேசி முடித்துவிட்டால் என் மகள் கண்ணுக்கு அவர் பெரிய ஆளாகிவிடுவாரே என்றுதான் முந்திக்கொண்டேன். அதற்கு அவள் இருபத்தைந்து நிமிடம் கைதட்டு வாங்கினாள். ஸ்கூட்டரில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவாளே என்று நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் இறங்கவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்டவன் என்று பார்த்துக்கொள்.

இனி எழுதப்போவதை உனக்குக்கூடச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன் டவுன் பஸ் ஓட்டினேனே, அப்போது ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார்: "படியில நிக்கிறவன் உள்ள போகலையா? வாயால சொல்லாத. ஒரு பிரேக் அடி, தானா போவான்." அடித்தேன். பழகிவிட்டது. எரிச்சல் வந்தாலும் அடித்தேன், சும்மாவும் அடித்தேன். அத்தனை பேரும் ஒன்றாகச் சாய்வதைக் கண்ணாடியில் பார்க்கும்போது ஒரு மாதிரி சந்தோஷமாக இருக்கும். ஆளாளுக்கு நம்மை அதட்டுகிற வேலையில் அது ஒன்றாவது நம் காலடியில் இருக்கிறதே என்று. ஒரு நாள் ஒரு பெரியவர் கம்பியில் மோதி உதடு கிழிந்து இரண்டு பல் போயிற்று. விசாரணையில், நாய் குறுக்கே வந்தது என்றேன். எந்த இடம், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். ஆனால் அந்தப் பெரியவரைப் போய்ப் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன், இந்த ஆளும் நாய் என்றுதான் சொல்வான். ஆனால் இப்போது அந்தப் பொய்யைப் பிடிக்க வழி இருக்கிறது. அந்தப் பேருந்தில் வேகத்தைப் பதியும் கருவி இருக்கும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வண்டி சட்டென்று நின்றது என்பதெல்லாம் அதில் ஏறும். அந்தப் பதிவு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலைப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், அப்போதுதான் பதிவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். தாமதிக்காதீர்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும். அப்புறம், எங்கே விழுந்தீர்கள் என்று பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதில் விழக் கூடாது. அவர்களுக்கு மணி தெரியாது, இடம் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் ஒரே இடத்தில் குறுக்கே வந்தால் அது நாய் இல்லை.

இந்த வேலையை அவரிடம் கொடு. நுணுக்கமான கை என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்படிக்கு,
பட்டாணியின் அப்பா


ஜூலை 24, வெள்ளி

பட்டாணியின் அப்பாவுக்கு,

முடிந்தது. அந்த டிரைவரை நேற்றே நீக்கிவிட்டார்கள். ஆயாவையும் மாற்றிவிட்டார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது, உரிமம் என்னாகும் என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். கருவியின் பதிவில், பதினோரு பள்ளி நாளில் முப்பத்தொரு திடீர் பிரேக். அதில் பத்தொன்பது, அஞ்சலகத் திருப்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். ரோடு அங்கே நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். பிள்ளைகளை இவர் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். அந்த யூ.கே.ஜி. குழந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. பென்சிலைக் கொடுத்ததும், நாலு கால் வைத்த ஒரு பெரிய பானையை வரைந்தது. தண்ணீர்த் தொட்டி. அதைப் பார்த்த பிறகுதான் அதன் அம்மாவுக்குத் தைரியம் வந்தது. கூட்டத்துக்கு ஏழு வீட்டிலிருந்து வந்தோம்.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நாய் குறுக்க வந்துச்சு மேடம், குழந்தைங்க இருக்காங்கன்னுதான் நிறுத்தினேன்" என்றார். இவர் குரலை உயர்த்தவே இல்லை. பட்டியலை எடுத்துப் படித்தார். "திங்கள், மூணு அம்பத்திரண்டு, தண்ணீர்த் தொட்டி. செவ்வாய், மூணு அம்பத்திமூணு, தண்ணீர்த் தொட்டி. புதன்..." ஆறாவது வரி வந்ததும் தலைமையாசிரியை, போதும் என்று கை காட்டினார். அப்புறம் டிரைவர், "நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். இந்தச் சத்தம் மண்டைக்குள்ளயே இருக்கு மேடம், தூங்கினாலும் கேக்குது" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டாணியின் முழங்கையை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. தலைமையாசிரியை இவரைப் பார்த்து, "நீங்கதான் அப்பாவா?" என்றார். "இல்ல மேடம். அப்பா வெளிநாட்டுல டிரைவரா இருக்கார். இதை எப்படி எடுக்கணும்னு எழுதி அனுப்பினது அவர்தான். நான் கூட்டிக் கழிச்சதோட சரி" என்றார் இவர். பட்டாணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க அப்பாதான் கண்டுபிடிச்சார்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நாய்னு சொல்வாருன்னு அப்பாவுக்கு எப்படிம்மா தெரியும்?" ஒரு டிரைவருக்கு இன்னொரு டிரைவரைத் தெரியாதா என்று சமாளித்தேன். பொய் இல்லை, முழுசாகவும் இல்லை. மீதியைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். விட்டாலும் உங்களைக் குறைத்து நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


ஆகஸ்ட் 10, திங்கள்

பட்டாணியின் அம்மாவுக்கு,

உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். ஜூலை இருபத்தாறாம் தேதி ஞாயிறு அவளிடம் சொல்லிவிட்டேன். எடுத்த எடுப்பில், "அப்பா, நீங்கதான் ஹீரோ" என்றாள். ஒன்றரை வருடமாக அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் கண்ணாடிக்காரர், தனக்கு வந்த பேரை அத்தனை பேர் முன்னால் எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டார். இனாமாக வந்த பேரைப் பொய்யோடு வைத்திருந்தால், அவருக்கு முன்னால் நான் காலத்துக்கும் சின்ன ஆள்தான். பார், நல்லது செய்யும்போதுகூடப் பொறாமைதான் தள்ளிவிடுகிறது.

நானும் ஒரு காலத்தில் அப்படிப் பிரேக் அடித்தவன் என்றேன். பெரியவர் விழுந்ததையும், நாய் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அப்புறம், "அந்தத் தாத்தாவுக்கு வாய் சரியாயிடுச்சா?" என்றாள். தெரியாதும்மா என்றேன். "நீங்க போய்ப் பாக்கலையா?" இல்லை என்றேன். "நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். ஒரு நிமிடம் நாற்பது நொடி.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு போய்விட்டது. நீ எடுக்கிறாய், "விளையாடறா" என்கிறாய். பின்னால் அவள் குரல் கேட்கிறது. கண்ணாடிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பற்றி அவரிடம் கேட்டிருப்பாள். அவரும் ஏதாவது நல்லதாகத்தான் சொல்லியிருப்பார். அது என்னவென்று எனக்கு எழுதாதே.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அவள் கேள்விகளெல்லாம் அந்தக் கடைக்குப் போகின்றன. எனக்கு ஞாயிறு நான்கு மணி மட்டும்தான், அதுவும் இப்போது இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் முழங்கைத் தடத்தோடு போய் உட்கார ஒரு இடம் இருந்ததே. அந்த இடம் இல்லாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை நாள் பூனைக்குட்டிக் கதையையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்றாய். அப்படியானால் 'அண்ணன்' என்று தொடங்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அதுவரை நன்றியை நீயே சொல்லிவிடு.

அந்தப் பெரியவரைத் தேடச் சொல்லிப் பழைய டிப்போ நண்பருக்கு எழுதியிருக்கிறேன். இருக்கிறாரோ இல்லையோ.

வரும் ஞாயிறும் நான்கு மணிக்குப் போன் அடிப்பேன். பேசு பேசு என்று அவளை நெருக்காதே, நீயும் எடுக்காதே. அடித்து ஓயட்டும். அவள் எடுக்காவிட்டால், அடுத்த ஞாயிறு அடிக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டாணியின் அப்பா