விருது விழாவில் தலைகீழாய் நின்ற சுவர்

செயின்ட் லூயிஸ்,
அக்டோபர் 14

அன்பு மகள் கொரினுக்கு,

உன் சித்தப்பா வெர்ஜில் எழுதுவது. இங்கே உன் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே அலாஸ்காவில் நீயும், எங்கள் குடும்பத்துக்கே உரிய அந்த நீள மூக்கும் உறைந்து போகாமல் சுகமாக இருக்க வேண்டும். இதை உன் அப்பாதான் எழுதியிருக்க வேண்டும். மார்ச்சில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய வலது கை பேனாவோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டதால், மிசிசிப்பிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஈடில்லாத கையெழுத்துக்காரனான என்னிடம் பொறுப்பு வந்திருக்கிறது. உன் அம்மா இதைப் படித்துவிட்டு இருமுகிறாள், அது சளி அல்ல.

போனில் நீ அழுதுகொண்டே கேட்டாயே, அப்பா நிஜமாகவே சங்கத்தை விட்டு விலகப் போகிறாரா என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். எங்கள் செங்கல் கட்டுமானச் சங்கத்துக்குத் தொண்ணூறு வயதானதை முன்னிட்டு அருங்காட்சியகம் சனிக்கிழமை விருது விழா நடத்தியது உனக்குத் தெரியும். மேடையில் வைக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு மாதிரிச் சுவர் கட்டித் தரக் கேட்டார்கள். சங்கத் தலைவன் என்ற என் சர்வ வல்லமையைப் பயன்படுத்தி அதை உன் அப்பாவிடம் கொடுத்தேன். "என் கைதான் செத்துப்போச்சே, வேற யாருகிட்டயாவது குடுடா" என்றார். இடது கை என்ன சாமி கும்பிடவா இருக்கிறது என்று கேட்டேன். பதினோரு நாள், இடது கையால் மட்டும் கட்டி முடித்தார். முடித்ததும் சாந்துக் கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, "இதான் கடைசிச் சுவர். விழா முடிஞ்சதும் உன்கிட்ட சொல்லுவேன், நீ சங்கத்துலேருந்து என் பேரை எடுத்துடு" என்றார். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, அதாவது மூன்றாவது தட்டைத் தொடவில்லை.

இனி என் பாவமன்னிப்பு. சுவர் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் இருந்தது. தூக்குகிற கொக்கி அதன் அடிப்பக்கத்தில்தான் மாட்டும் என்பதால் லாரியில் தலைகீழாகத்தான் ஏற்றினோம், இறக்கும்போது நிமிர்த்திக்கொள்ள வேண்டும். கூடவே போயிருக்க வேண்டியவன் நான். என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு என் வயிற்றைக் கண்டு மிரண்டதால், அதைப் பிரித்துத் தைக்கத் தையல்காரரிடம் போய்விட்டேன். இறக்குகிற அருங்காட்சியக ஆட்களுக்கு, இதுதான் மேல் பக்கம் என்று ஒரு சீட்டு கூட எழுதி ஒட்டவில்லை. செங்கல் சுவருக்கு எது தலை, எது கால் என்று பார்த்தவுடன் தெரியாத மனிதர்களும் இந்தப் பூமியில் நடமாடுகிறார்கள் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

விழாவில் அருங்காட்சியக இயக்குநர் திருமதி விட்லோ தரையைப் பெருக்கும் நீளத்தில் ஓர் உடை உடுத்திக்கொண்டு வந்து, கலையின் உச்சம் என்று என்னென்னவோ சொல்லித் திரையை விலக்கினார். நூற்று நாற்பது கொத்தனார்கள் ஒரே நேரத்தில் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். உனக்குத் தெரியும், மழைத்தண்ணீர் வழிந்து விழட்டும் என்று சாந்தை ஒவ்வொரு வரியிலும் வெளிப்பக்கமாகக் கீழே சரித்து இழைப்போம். இங்கே எல்லாச் சரிவும் மேலே பார்த்து, தண்ணீர் பிடிக்கிற தட்டுகளாக நின்றன. நூற்று நாற்பது தலைகள் கோழிகள் மாதிரி ஒருபக்கம் சாய்ந்தன. நாங்கள் மெய்மறந்துவிட்டோம் என்று நினைத்து அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. "நோரீன், வீட்டுக்குப் போலாம். இப்படித்தான் முடியணும்னு இருக்கு போல" என்று உன் அம்மாவிடம் சொல்லி எழுந்தே விட்டார். அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் சார்பில் விருதை வாங்க என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

கொரின், நாற்பது மாடி உயரத்தில் பலகை மேல் நின்று சாப்பிட்டவன் நான், ஆனால் அந்த மூன்று படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். "அம்மா, இந்தச் சுவர் தலைகீழா நிக்குது. கட்டினவர் தப்பு இல்ல, கொண்டுவந்தவன் தப்பு, அந்த மடையன் நான்தான்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன். திருமதி விட்லோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். "இல்லம்மா, நெஜம்தான்!" என்று மண்டபமே கத்தியது. அவர் வெளுத்துப் போனார். ஆனால் நல்ல மனுஷி, ஒரே நிமிஷத்தில் உடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, "இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார். எட்டுப் பேர் கோட்டைக் கழற்றினார்கள். நான் தலைவனுக்குரிய கம்பீரத்தோடு, எல்லோரும் வலது பக்கம் பிடியுங்கள் என்று ஆணையிட்டேன்.

"டேய் வெர்ஜில்! கையை எடுடா கழுதை! அந்தப் பக்கம் தூக்கினா ஒடிஞ்சிடும்!"

உன் அப்பா. மார்ச்சிலிருந்து ஒழுகுகிற குழாய் அளவுக்குத்தான் அவர் குரல் கேட்டது. சனிக்கிழமை கேட்ட குரலுக்கு ஆற்றில் போன மூன்று படகுகள் நின்றன என்று எனக்கு நம்பகமான தகவல். வாசல் பக்கம் போனவர் திரும்பி, கைத்தடியை ஒரு நாற்காலியில் எறிந்துவிட்டு வந்தார். "மேசை விரிப்பை மடிச்சு மூலைக்குக் கீழ வை. மெதுவா சாய். இன்னொரு தரம். அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க, கால்ல விழுந்தா மாவாயிடும்." சட்டத்தை இரண்டு தரம் புரட்டியதும் சுவர் நிமிர்ந்து நின்றது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். உன் அப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. சுவரில் மூக்கு இடிக்கக் குனிந்து நின்றுகொண்டு, "மூணாவது வரிசையில சாந்து பல்லைக் காட்டுது பாரு. இடது கைக்கு இன்னும் பழகணும். திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு மணலோட சங்கத்துக்கு வந்துடு. லேட்டா வந்தே, தொலைச்சிடுவேன்" என்றார். நான் ஏழு மணி மூன்று நிமிஷத்துக்குப் போனேன். என் பாட்டன் பூட்டன் வரை திட்டு வாங்கினேன், அவர்கள் அவருக்கும் பாட்டன் பூட்டன்தான் என்பதை நினைவூட்டியதற்கு இன்னும் கொஞ்சம் வாங்கினேன்.

உன் அம்மா நேற்று இரண்டு தட்டு சாப்பிட்டாள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள், ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. எங்கள் மூவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, என்னுடையது மற்ற இருவருடையதைவிட ஒரு பிடி அதிகம். ஒன்றை மட்டும் மறக்காதே: அப்பாவோடு பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போன் செய். மற்ற நாட்களில் பகலில் அவர் வீட்டில் இருக்க மாட்டார்.

அன்புடன்,
மணல் சுமக்கும் சங்கத் தலைவன்,
உன் சித்தப்பா வெர்ஜில் ஓபர்மார்க்