ஏழாவது பாட்டின் கடைசி வரி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே கொளுத்துகிற வெயில். கரண்ட் இல்லை. தம்புரா ஆப் போட போனில் சார்ஜும் இல்லை.

ஏழு பாட்டில் ஆறுக்கு மெட்டு முடிந்தது. எல்லாம் செல்வி எழுதிய கவிதைகள். அவள் வீடு பெரும்பாக்கம், தையல் கடை சேலையூரில், எங்கள் தெருமுனையில். லாரி ஓட்டப் போன புருஷன் விபத்தில் இறந்த பிறகு, அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியவை. ரவிக்கை வாங்கப் போன என் மனைவி கண்டுபிடித்தாள். ஏழையும் இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சாகப் பாட வேண்டும் என்பது என் ஆசை.

மிருதங்கம் ரவி: "அண்ணா, தனி ஆவர்த்தனம் எங்க வருது? நான் மட்டும் வாசிக்கிற இடம்?"

தனி கிடையாது என்றேன்.

"அப்ப நான் எதுக்குண்ணா?"

வாங்க: பால், அதிமதுரம், சார்ஜர் வயர்.

ஜூன் 6, வெள்ளி

ஏழாவதும் முடிந்தது. முகாரி. கடைசி வரி 'நீ வரவில்லை'. அதையே பல்லவியாக்கி, ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகத் திருப்பிப் பாட எட்டு சங்கதி. இதைவிட நன்றாக நான் எதுவும் போட்டதில்லை. சுயபுராணம்தான், டைரிதானே.

14-ம் தேதி கச்சேரி வைக்கும் சபாவின் செயலாளர் போன். "சோகமா முடிக்காதீங்க சார். கடைசியில ஒரு தில்லானா போட்டுடுங்க." ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று கத்த வேண்டியதாயிற்று. தலைவலி.

ஜூன் 8, ஞாயிறு

ஒத்திகைக்கு செல்வி வந்தாள். ஆறு பாட்டும் தலையைக் குனிந்தபடி கேட்டாள். ஏழாவதில், நாலாம் சங்கதியில் எழுந்துவிட்டாள்.

"இன்னா சார், ஒரே வரிய திருப்பித் திருப்பிப் பாடிகினே கீறீங்க?"

அதுதான் சங்கதி, நம் சங்கீத முறை என்று விளக்கினேன்.

"நான் ஒரு தபாதான் எழுதினேன். அவரு போய்ட்டாருன்னு போனும் ஒரு தபாதான் வந்துச்சு. நீங்க எட்டு தபா சொன்னா நான் எட்டு தபா கேக்கணுமா? இப்டிதான் பாடுவேன்னா என் பாட்டே வேணாம் சார்."

நோட்டை எடுத்துக்கொண்டு போயே விட்டாள். அழைப்பிதழ் அச்சாகி வந்தாயிற்று.

ரவி: "இத்தன வருஷம் பாட்டு சொல்லித் தர்றீங்க, டெய்லர் வந்து சொல்லணுமாண்ணா?" எனக்கும் அதே எரிச்சல்.

ஜூன் 11, புதன்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது.

மூன்று நாளாகக் கோபம். இன்று அந்த வரியை ஒரே ஒரு முறை பாடிப் பார்த்தேன். மொட்டையாக நின்றது. மறுபடி பாடினேன். அப்போதும் மொட்டை. ஆனால் அவள் சொன்னது கேட்டது. எட்டு சங்கதியிலும் என் குரலைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கடைக்குப் போய், ஒரு தடவைதான் பாடுவேன் என்றேன். மிஷினை நிறுத்தாமலே, "சரி சார், பாடுங்க." அவ்வளவுதான். எட்டு சங்கதியைத் தூக்கிப் போட்டவனுக்கு ஒரு டீ கூட இல்லை.

ஜூன் 14, சனி

குரோம்பேட்டையில் கச்சேரி. ஹாலில் ஏசி ஓடவில்லை. மூன்றாவது பாட்டுக்கு ஒருவர் கைதட்டி, தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

ஏழாவது. 'நீ வரவில்லை.' ஒரு முறை. நிறுத்தினேன்.

பழக்கதோஷம், ரவியின் கை அடுத்த ஆவர்த்தனத்துக்கு எழும்பி அப்படியே நின்றது. பல்லவிக்குத் திரும்புவேன் என்று சபையே காத்திருந்தது. எனக்கு வரி மறந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் செயலாளர், பாவி மனுஷர். மேடை ஓரத்திலிருந்து சத்தமாக எடுத்துக் கொடுத்தார்: "நீ வரவில்லை... சார், நீ வரவில்லை."

மூன்றாம் வரிசையில் செல்வி. எழுந்திருக்கவில்லை.

"தெரியும் சார்" என்றாள் அவரிடம்.