பிரிக்காத பை

அன்புள்ள வெர்னா,

உன் முழங்கால் வலி எப்படி? இந்த ஆல்பர்ட்டா எண்ணெய் வயல் குளிரில் நான் நலம். முகாமில் போடும் மீனைத்தான் வாயில் வைக்க முடியவில்லை.

போன விடுப்பில் எட்டு நாளும் கட்டிலில் என்னால் முடியாமல் போனதே, அதற்காக மனநல ஆலோசகரிடம் போனேன். டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். அந்த அம்மாளோ, "வீட்டுல உங்க பையை எங்க வைப்பீங்க?" என்றார்.

"கட்டில் பக்கத்துல. பிரிக்கிறதே இல்ல, எட்டு நாள்தானே?"

"அப்போ அங்க படுக்கிறது யாரு, லெஸ்டர்? புருஷனா, விருந்தாளியா?"

"உடம்புக்கு வழி கேட்டா என் பொழப்பை நோண்டுறீங்களே!" என்று கத்திவிட்டு வந்தேன். பதினொரு வருடமாக யாருக்காக இங்கே சாகிறேன்?

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அலமாரியில் என் துணிகளுக்கு ஒரு தட்டைக் காலி செய்து வை. எந்தத் தட்டு என்னுடையது என்று எனக்கு நினைவில்லை, உனக்காவது இருக்கிறதா?

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

லெஸ்டர்