கப்பல்காரர்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள்?

சுனாமிக்கு மறுவருஷம், எங்களுக்குப் புது ஃபைபர் படகு வந்து இறங்கின சமயம்தான் நீங்க சதுரங்கப்பட்டினத்துக்கு முதல்ல வந்தது. இன்னிக்கு மருமகள் பெட்டியைத் திறந்து உங்க புஸ்தகத்தை வெயிலில் வைத்தாள். கருவாட்டு வாசம் ஏறியிருக்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், கதைக்காரம்மா.

செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருவீங்க. உங்க வேதத்துக் கதை ஒன்றைப் புதுசாக எழுதப் போவதாகச் சொன்னீங்க. கடவுள் சொன்ன வேலைக்குப் பயந்து கப்பலேறி ஓடின தீர்க்கதரிசி, புயலில் தன்னைத் தூக்கிக் கடலில் போடச் சொல்கிறான். போட்டதும் கடல் அடங்கிவிட்டது. பெரிய மீன் ஒன்று விழுங்கி, அவனை உயிரோடு கரையில் கக்கிவிட்டது. மீன் வயிற்றுக்குள் எப்படி இருக்கும் என்று எங்களைக் கேட்டீங்க. கோவிந்தன், "மீனு வயித்துல மீனுதாம்மா கீது, அறுத்துக் காட்டட்டுமா?" என்றான்.

எனக்கு வேறு சந்தேகம். "அது கெடக்கட்டும்மா. தூக்கிப் போட்டவங்க கரைக்கு வந்து அவன் வூட்ல இன்னா சொன்னாங்க?"

வேதத்தைப் புரட்டிப் பார்த்து, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றீங்க.

எங்க பக்கத்தில் கடலில் ஆள் போனால், கூடப் போனவர்கள்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், ஈரத்துணியை மாற்றுவதற்கு முன்னால். வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. வலையை இழுக்கும்போது தாசனை அலை கொண்டுபோன அன்றைக்கு, நானும் கோவிந்தனும் ஏழுமலையும் அப்படித்தான் அவன் மனைவி கன்னியம்மா வாசலில் நின்றோம். உடம்பு கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அவள் எங்கள் மூவரிடமும் பேசுவதையே விட்டுவிட்டாள். இதையும் உங்களிடம் சொன்னேன்.

மீன் வயிற்றை விட்டுவிட்டீங்க. கப்பல்காரர்கள் அவன் வீட்டைத் தேடி ஊர் ஊராக நடக்கிற கதையாக அது மாறிவிட்டது. அவன் பெண்டாட்டியிடம் சாவுச் சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பக் கப்பலேறுகிறார்கள். அவன் உயிரோடு வந்து சேர்வது அதற்கப்புறம்.

ஏலக் கொட்டகையில் நீங்க அதைப் படித்தபோது கன்னியம்மா மீன் கூடையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவன் கதையை இவள் காதில் ஏன் போடுகிறீங்க என்று எனக்குப் பயம். முடிந்ததும் அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"வந்தவன் போயி அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நாமதான் கொன்னுட்டோம்னு சாவற வரைக்கும் நெனச்சுகினு இருந்திருப்பாங்க."

ஏழுமலை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

கோவிந்தன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஏழுமலையும். போன மாசம் நீங்களும். அந்தக் கப்பல்காரர்களுக்குக் கடைசியில் சேதி எட்டியிருக்குமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எட்டியிருக்கும் என்று என்னோடு வாதாட மிச்சம் இருப்பவள் கன்னியம்மா.