லாரியின் மேல் ஒரு மடக்குக் கூரை

குலசேகரம்
18.10.1953

அன்புள்ள மகள் லீலாபாய்க்கு அப்பா ரசலையன் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அம்மையும் சுகம். அங்கே கோயம்புத்தூரில் நீயும் குழந்தையும் உன் வீட்டுக்காரரும் சுகமா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் அம்மைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறாதே மக்கா, அவள் நன்றாக இருக்கிறாள், இப்போதுகூட அடுக்களையில் நின்றுகொண்டு என்னைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறாள். குழந்தை பிறந்ததும் நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். நான் எடுத்துப் படித்துவிட்டு இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டேன். செசிலி என்று பேர் வைத்திருக்கிறாய், ரோமன் சபைப் பேர்தான், இருக்கட்டும், இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், வாயில் நன்றாகத்தான் வருகிறது. டிசம்பரில் பிள்ளைக்கு ஒரு வயது ஆகிறதே, அதற்கு நான் வர நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எஸ்டேட்டில் நான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மிலிட்டரி லாரி உனக்கு நினைவிருக்கும். புது லாரி வந்ததும் அதைக் கழித்துப் போட்டார்கள், நானும் அதோடு சேர்ந்து வேலையிலிருந்து நின்றுவிட்டேன், உன்கூடவே கிழடான வண்டிதானே, நீயே கொண்டுபோ என்று துரை எனக்கே தந்துவிட்டார். பிப்ரவரியிலிருந்து அதன் முதுகில் ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் படுக்கப் பலகை, அதற்கடியில் சாமான் பெட்டி, ஸ்டவ் வைக்க ஒரு தட்டு, பின்னால் ஏறி இறங்க நாலு படி. கேட்டவர்களிடமெல்லாம் தூரப் பயணத்தில் வழியில் படுத்துப் போக வசதி என்று சொன்னேன். கோயம்புத்தூருக்கு ரயில் இல்லையா, பஸ் இல்லையா என்று திருப்பிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் முடித்து நம் வாசலுக்கு வந்த அன்றைக்கு, ரோமன் சபைக்காரன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது, உன் வீட்டுப் படியை நானும் மிதிக்கமாட்டேன், கர்த்தர் சாட்சி என்று கத்திவிட்டேனே, அந்த வாக்கு அப்படியே கிடக்கிறதே. அதனால் என் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து உன் வாசலில் நிறுத்தி அதிலேயே படுத்துக்கொண்டால் வாக்கும் தப்பாது, பிள்ளையையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். உன் அம்மையிடம் சொன்னேன். நல்ல மூளைதான், இந்த மூளைய அன்னைக்கு எங்க கொண்டு வச்சிருந்தீங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதலில் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குப் பலகை அடித்து, தகரக் கூரை போட்டு, பார்க்க ஒரு சின்ன ஜெபவீடு மாதிரி ஜோராகத்தான் இருந்தது. ஆகஸ்டில் உன் அம்மையையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறதா பார்க்கலாம் என்று ஆரல்வாய்மொழி வரை போனேன். அங்கே அடிக்கிற காற்று உனக்குத் தெரியாததா, முப்பது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு அது புத்தியில் வராமல் போயிற்றே. கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று அந்த உயரப் பலகையில் வந்து அறைந்தது, வண்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து இடது சக்கரம் இரண்டும் ரோட்டில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உன் அம்மை பரமண்டல ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஓய், வண்டியத் திருப்பும் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஓய் என்று கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். திருப்பிவிட்டேன். ஓடும்போது தணிந்தும் நிற்கும்போது உயர்ந்தும் இருந்தால்தான் சரிப்படும் என்று அப்போதுதான் புத்தி வந்தது.

பலகையைப் பாதி உயரத்தில் அறுத்தேன். கூரையைத் தனியாகக் கழற்றி, நாலு மூலையிலும் குழாய்க்குள் குழாய் விட்டு, கயிற்றை இழுத்தால் கூரை மேலே எழும்புகிற மாதிரியும் நடுவில் கித்தான் துணி சுவராய் விரிகிற மாதிரியும் செய்தேன். கித்தானில் மழை ஒழுகுமே. நம் ஊரில் ரப்பர் பாலுக்கா பஞ்சம், வாளியில் வாங்கி வந்து இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்து மடித்து வைத்தேன். பால் பால்தான், புகை காட்டாமல் விட்டால் ஒட்டும் என்று ரப்பர் வெட்டுகாரப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், எனக்கு அவசரம். ஒரு வாரம் கழித்துக் கயிற்றை இழுத்தேன், மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கித்தான் டர்ரென்று கிழிந்தது. மறுபடியும் புதுக் கித்தான், மறுபடியும் பால், இந்த முறை புகைக்கூட்டில் ரப்பர் ஷீட்டுகளோடு சேர்த்து நாலு நாள் தொங்கவிட்டு எடுத்து, மடிப்புக்கு மடிப்பு சுண்ணாம்புத் தூள் தேய்த்தேன். இப்போது ஒட்டவில்லை, ஆனால் உள்ளே ஏறினால் புகைக்கூட்டு வாடைதான். உன் அம்மை மூக்கைப் பொத்துகிறாள்.

அதற்குப் பிறகும் கூரை சரியாக எழும்பவில்லை, ஒரு மூலை முந்தும், ஒரு மூலை சிக்கிக்கொள்ளும், நாலு பேர் நாலு கயிற்றைப் பிடித்தும் கோணலாகவே நின்றது. தேங்காய்ப்பட்டணத்துக்குப் போய் சூசை என்கிற வள்ளக்காரரைக் கூட்டி வந்தேன். கடலில் வள்ளத்துப் பாய் ஏற்றி இறக்கியே பழகின கை. வந்தவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு கயித்தையும் கப்பி வழியா ஒரே உருளைக்குக் கொண்டு வாரும் டிறைவரே, ஒருத்தன் சுத்தினா நாலும் ஒண்ணுபோல ஏறும் என்றார். ஒரு பகலில் முடித்துக் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், அவரும் ரோமன் சபை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, உன் அம்மை என் முகத்தையே பார்த்துக்கொண்டு அவருக்கு இன்னும் இரண்டு மீன் துண்டு வைத்தாள். எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்டார். மகள் வீட்டுக்கு என்றேன். மொவ வீட்டுக்குப் போக எதுக்கு டிறைவரே இன்னொரு வீடு என்றார். அவருக்கு நம் சங்கதி எதுவும் தெரியாது, விகற்பமில்லாமல்தான் கேட்டார். நான்தான் பாதியில் கையைக் கழுவிவிட்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. கித்தான் தாங்குகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நாள் வருமா என்று கூரையைத் தூக்கினேன், லாரி நம் கேட்டுக்குள் நுழையாது, அதனால் வெளியே ரோட்டோரத்தில் நிறுத்தியிருந்தேன். வா, உள்ளே வந்து பார் என்று உன் அம்மையைக் கூப்பிட்டேன். நான் என் வீட்டுக்குள்ள இருக்கேன், நீங்க உங்க வீட்டுக்குள்ள இருங்க என்று சொல்லிச் சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்திக்கொண்டாள். மழை கொட்டிற்று மக்கா. ஒரு பொட்டு ஒழுகவில்லை, ஆண்டவர் மேல் ஆணை என்று எழுத வந்தது, இனி ஆணை வேண்டாம், ஒழுகவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கித்தானில் வெட்டி வைத்திருந்த சன்னலைத் தூக்கிவிட்டு வெளியே பார்த்தேன். நம் கேட், நம் முற்றம், சாத்தின கதவு. நான் லாரியை நிறுத்தியிருந்த இடம்தான் அன்றைக்கு உன் வீட்டுக்காரர் நின்ற இடம். அன்றைக்கும் மழை. இருந்த ஒரு குடையை உனக்குப் பிடித்துக்கொண்டு, உன் டிரங்குப் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நின்றார், நான் ஏசின ஏச்சுக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் வீட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டு, போகமாட்டேன் என்கிறானே, எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். கதவு சாத்தியிருக்கும்போது வெளியே இருந்து பார்த்தால் நம் வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் கையால் கட்டின வீடு, அதன் கதவு இவ்வளவு கடுமையாய்த் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. மழை விடுகிற வரையில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன் அம்மையிடம் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் ஜெபதாஸ் உபதேசியாரிடம் போய் வாக்கு விஷயத்தைக் கேட்டேன். உம்ம கோவத்துக்கு கர்த்தர எதுக்குவே சாட்சிக்குக் கூப்பிட்டீரு, அவருக்கு வேற சோலி இல்லையா என்று கேட்டார். நான் அன்றைக்குச் செய்தது தப்பு மக்கா. உனக்குச் செய்தது தப்பு, அவருக்குச் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. இதை எழுதத்தான் எட்டு மாதமாய்ப் பலகையும் குழாயும் கயிறுமாய்ச் சுற்றி வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

டிசம்பர் இரண்டாம் தேதி புறப்படுகிறோம், வழியில் இரண்டு இடத்தில் தங்கி நாலாம் தேதி வந்து சேருவோம். உன் அம்மை ஏத்தங்காய் உப்பேரியும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு வருவாள். அங்கே பனி அதிகம் என்று சொல்கிறார்கள், பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டாதே, நீ ஆஸ்பத்திரியில் நின்றே வேலை பார்க்கிறவள், நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேரையும் கர்த்தர் குறைவில்லாமல் காத்து நடத்துவாராக, பிள்ளையின் தலையில் என் பேரைச் சொல்லி ஒரு தரம் கை வை. ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாதே. என் மருமகன் மிக்கேலை எழுதச் சொல், ஒரு வரி போதும். வாரும் என்று எழுதினால் உங்கள் படி ஏறி வருவேன், உன் வாசலில் அந்தக் கூரையைத் தூக்கமாட்டேன். வரவேண்டாம் என்று எழுதினாலும் தூக்கமாட்டேன், உன் தெருவில் வந்து உன்னைத் தலைகுனிய வைக்கமாட்டேன், அம்மையை இறக்கிவிட்டு லாரியை ஊருக்கு வெளியே நிறுத்திக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு, தயங்காமல் எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரசலையன்